உமிச் சாம்பலைச் சிமெண்டுடன் கலக்கலாமா?

நெல் காய வைக்கும் களத்துக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் சிமெண்டுத் தளம் போட நினைக்கும் சிறு விவசாயிகள், சிமெண்டு விலையைக் கண்டு தயங்குவது உண்டு. அரிசி ஆலையில் குவிந்து கிடக்கும் உமிச் சாம்பலைக் கலந்தால் செலவு குறையுமே என்ற எண்ணமும் எழுகிறது. கலக்கலாம். ஆனால் எல்லாச் சாம்பலும் இதற்கு ஆகாது. தகாத சாம்பலைக் கலந்தால், மிச்சமான பணத்தைவிடத் தளத்தைப் பெயர்த்துப் போடும் செலவு அதிகமாகிவிடும்.

சாம்பலில் உள்ள சத்து

ஆயிரம் கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 200 கிலோ உமி கிடைக்கும். அதை எரித்தால் 40 கிலோ அளவுக்குச் சாம்பல் மிஞ்சும். நன்றாக எரிந்த சாம்பலில் நூற்றுக்கு 85 முதல் 95 பங்கு வரை சிலிக்கா இருக்கும்.

சிமெண்டு தண்ணீர் பட்டு இறுகும்போது அதிலிருந்து சிறிது சுண்ணாம்பு வெளிப்படும். அந்தச் சுண்ணாம்பு தனியே வலுத் தராது. சாம்பலில் உள்ள சிலிக்கா அதனுடன் சேர்ந்து, சிமெண்டைப் போலவே இறுகும் பொருளாக மாறுகிறது. கான்கிரீட்டின் நுண்துளைகளும் அடைபட்டு நீர்க்கசிவு குறைகிறது. முன்னோர் சுண்ணாம்புடன் செங்கல் தூளாகிய சுர்க்கியைச் சேர்த்துக் கட்டியதும் இந்த அடிப்படையில்தான். 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை, சுண்ணாம்பு-சுர்க்கிக் கலவையால் ஆனது.

எது ஏற்றது?

உமி எரியும் சூடுதான் முக்கியம். ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸுக்குள் அடக்கி எரித்த சாம்பலில் சிலிக்கா வினைபுரியும் நிலையில் இருக்கும். அதற்கு மேல் நெடுநேரம் வெந்தால் அது மணலைப் போலப் படிகமாகி, சுண்ணாம்புடன் எளிதில் சேராது. சரியாக எரியாத கறுப்புச் சாம்பலில் கரி மிகுதி. அது தண்ணீரை அதிகமாக இழுத்துக்கொள்ளும். சாம்பல் நிறமாகவோ வெளுத்தோ இருப்பது நன்றாக எரிந்ததற்கு அடையாளம். ஆனால் அளவுக்கு மேல் வெந்ததும் வெளுத்தே இருக்கும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பலாகாது.

சாம்பலைச் சிமெண்டைப் போல நைசாக அரைத்திருக்கவும் வேண்டும். 2000-ம் ஆண்டு வெளியான ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி, கான்கிரீட்டில் உமிச் சாம்பலைச் சேர்க்க இடமளிக்கிறது. தரம் கெட்ட சாம்பல் வண்டல் மண்ணைப் போலவே கான்கிரீட்டைக் கெடுக்கும் என்றும் அதே விதி எச்சரிக்கிறது. எனவே அரைத்துப் பரிசோதித்த சாம்பலையே வாங்க வேண்டும்.

கலக்கும் முறை

சிமெண்டு மூட்டையில் அச்சிட்டிருப்பதை முதலில் பார்க்க வேண்டும். பி.பி.சி. வகைச் சிமெண்டில் நிலக்கரிச் சாம்பலை ஆலையிலேயே கலந்திருப்பார்கள். அதில் மேலும் சாம்பல் சேர்த்தால் வலுக் குறையும். ஓ.பி.சி. எனப்படும் சாதாரணச் சிமெண்டில் மட்டுமே கலக்க வேண்டும்.

50 கிலோ மூட்டைக்குப் பதிலாக 45 கிலோ சிமெண்டும் 5 கிலோ சாம்பலும் போதும். சாம்பல் எடை குறைந்தது, இடத்தை அடைக்கும். கூடையால் அளக்காமல் தராசில் நிறுத்தே போட வேண்டும். இரண்டையும் ஒரே நிறம் வரும்வரை உலர்வாகக் கலந்த பிறகே மணலையும் ஜல்லியையும் சேர்க்க வேண்டும். இந்த 50 கிலோ கலவைக்குத் தண்ணீர் 30 லிட்டரைத் தாண்டக் கூடாது. மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். கலவை இறுக்கமாகத் தெரிகிறது என்று கொத்தனார் தண்ணீரை ஊற்றினால் தளம் வெடிக்கும்.

சாம்பல் மெதுவாகவே வேலை செய்யும். ஆகவே 7 நாளோடு நிறுத்தாமல் 14 நாள் வரை தளத்தை ஈரமாக வைத்திருக்க வேண்டும். கலக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசம் அணிவது அவசியம்.

எங்கே கூடாது?

களம், தொழுவத் தளம், நடைபாதை ஆகியவற்றுக்கு இக்கலவையைப் பயன்படுத்தலாம். வீட்டுக் கூரை, தூண், உத்தரம் போன்று பாரம் தாங்கும் பகுதிகளில் பொறியாளர் ஒப்புதலின்றிச் சேர்க்கக் கூடாது. முழு வேலையையும் தொடங்குமுன், சாம்பல் கலந்தும் கலவாமலும் சில கட்டிகள் வார்த்து 28 நாள் நீரில் ஊற வைத்து, பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சோதித்துக்கொள்வது நல்லது.

சோதனையில் தேறாத சாம்பலும் வீணல்ல. கறுப்புச் சாம்பலை நாற்றங்காலுக்கும் எருக்குழிக்கும் இடலாம். ஆலையில் வாங்கும் சாம்பல், வண்டி வாடகையையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் சிமெண்டைவிட மலிவாக இருந்தால்தான் தளத்துக்கு வாங்குவதில் இலாபம் உண்டு.