எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால்...

சில வருடங்களுக்கு முன் ஒரு நள்ளிரவு. இரண்டு கம்பளி போர்த்தியும் என் மனைவிக்குக் குளிரில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மலேரியா என்றே நினைத்தோம். காலையில் வலது விலாவுக்குக் கீழே வலி. பக்கத்து மருத்துவமனையில் வயிற்றை எக்ஸ்ரே எடுத்து, "ஒன்றுமில்லை" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நிம்மதியாக வீடு திரும்பினோம்.

மூன்றாம் நாள் கண்கள் மஞ்சளாயின. "கீழாநெல்லி கொடுங்கள் அத்தான்" என்றாள் ஊரிலிருந்து மைத்துனி. நல்லவேளை, வேறொரு மருத்துவமனைக்கு ஓடினேன்.

அங்கிருந்த டாக்டர் பித்தநாளத்தில் கிருமித் தொற்று இருக்குமோ என்று உடனே சந்தேகித்தார். குளிர்காய்ச்சல், வலது மேல்வயிற்று வலி, மஞ்சள் காமாலை மூன்றும் சேர்ந்து வருவதை 1877-லேயே பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ எழுதி வைத்திருக்கிறார்.

அப்படியானால் எக்ஸ்ரே ஏன் காட்டவில்லை? சாதாரண எக்ஸ்ரேயில் சுண்ணாம்புச் சத்துள்ள கற்கள்தான் பளிச்சென்று விழும். பித்தக் கற்களில் பெரும்பாலானவை கொழுப்பால் ஆனவை. நூற்றுக்குப் பத்துப் பதினைந்துதான் தெரியும். ரயில்வேயில் தண்டவாளத்தின் உள்விரிசலை அல்ட்ராசோனிக் கருவி வைத்துத்தான் தேடுவோம். வயிற்றுக்கும் அதே ஒலி அலைதான் முதலில் உதவியது. ஸ்கேனில் பித்தநாளம் வீங்கியிருந்தது; ஆனால் அதன் கீழ்முனையைக் குடலிலிருந்த காற்று மறைத்துவிட்டது. ரத்தப் பரிசோதனை தொற்றை உறுதிப்படுத்தியது.

எக்ஸ்ரேக்கு உண்மையான வேலை அதன் பிறகுதான் வந்தது. வாய் வழியே குழாய்க் கருவியைச் சிறுகுடல் வரை செலுத்தி, பித்தநாளத்தின் வாயில் ஒரு திரவ மருந்தை ஏற்றி, எக்ஸ்ரே திரையில் பார்க்கிறார்கள். ஈ.ஆர்.சி.பி. என்று பெயர். மருந்து நிரம்பாத இடத்தில் கல் இருப்பது தெரிந்தது. 1968-ல் இம்முறை வந்தபோது பார்ப்பதற்கு மட்டுமே பயன்பட்டது. 1974-ல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் நாளத்தின் வாயைச் சிறிது கீறிக் கல்லை எடுக்கவும் வழி கண்டார்கள். என் மனைவிக்குச் சீழை வடித்துச் சிறு பிளாஸ்டிக் குழாய் வைத்தார்கள். கல்லைப் பிறகு எடுத்தார்கள். இதில் கணையம் வீங்கும் அபாயம் உண்டு. ஆகவே வெறுமனே பார்ப்பதற்கு இப்போது எம்.ஆர்.ஐ. வகை ஸ்கேனே போதும்.

அன்பர்களே, இத்தொற்று ரத்தத்தில் பரவினால் உயிருக்கே ஆபத்து. வயதானவர்களுக்கு மூன்று அறிகுறிகளும் சேர்ந்து வராமலும் போகலாம். குளிர்காய்ச்சலோடு கண் மஞ்சளானால் கைவைத்தியம் பார்த்துக் காத்திருக்காதீர்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றாலும், "ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வேண்டுமா டாக்டர்?" என்று கேளுங்கள். நான் அன்று கேட்கவில்லை.