ஜெரமையா ஓ'பிரையன்: நீராவியில் ஓடும் போர்க்காலச் சரக்குக் கப்பல்

சான் பிரான்சிஸ்கோ கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் எஸ்.எஸ். ஜெரமையா ஓ'பிரையன், இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்கா கட்டிய 'லிபர்ட்டி' வகைச் சரக்குக் கப்பல். அந்த வகையில் 2,710 கப்பல்கள் கடலில் இறங்கின. அவற்றில் பழைய நீராவி எந்திரத்தோடு ஓடும் நிலையில் காக்கப்பட்டவை இரண்டுதான். மற்றொன்று பால்டிமோரில் உள்ள ஜான் டபிள்யூ. பிரவுன்.

ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்கில் சரக்குக் கப்பல்களை அடுத்தடுத்து மூழ்கடித்தன. மூழ்குவதைவிட வேகமாகக் கட்டினால்தான் பிரிட்டனுக்கு உணவும் ஆயுதமும் போய்ச் சேரும் என்ற நிலை. அதனால் லிபர்ட்டி கப்பல்களுக்குப் பழைய பாணி பிரிட்டிஷ் வடிவமைப்பு ஒன்றை எடுத்து, பகுதி பகுதியாகச் செய்து, வெல்டிங் வைத்து இணைத்தார்கள். ராபர்ட் இ. பியரி என்ற கப்பல் 1942 நவம்பரில், வேலை தொடங்கி 5 நாள் நிறைவதற்குள் தண்ணீரில் இறங்கியது. அது பெரும்பாலும் விளம்பரத்துக்குச் செய்த சாதனை. குளிர்கடலில் சில கப்பல்கள் விரிசல் கண்டு இரண்டாகவே பிளந்தன. பழி வெல்டிங் மேல் விழுந்தது. எஃகே குளிரில் நொறுங்கும் தன்மை அடைகிறது என்பதை கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் கான்ஸ்டன்ஸ் டிப்பர் கண்டறிந்தார். வெல்டிங்குக்கும் ஒரு பங்கு இருந்தது: ரிவெட் அடித்த உடலில் விரிசல் தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். வெல்டிங் செய்த உடலில் தடையின்றி ஓடும்.

ஓ'பிரையன் 1943 ஜூனில் மெய்ன் மாநிலத்தில் கட்டப்பட்டது. 1944இல் நார்மண்டிப் படையிறக்கத்துக்காக ஆங்கிலக் கால்வாயை 11 முறை கடந்தது. போர் முடிந்தபின் கலிபோர்னியாவின் சூசன் விரிகுடாவில் 33 ஆண்டு சும்மா கிடந்தது. 1979இல் ஆர்வலர்கள் கொதிகலனை மூட்ட, சொந்த நீராவியிலேயே அங்கிருந்து வெளியேறியது. 1994இல், படையிறக்கத்தின் ஐம்பதாம் ஆண்டுக்கு, மீண்டும் நார்மண்டி போய் வந்தது. 2020 மே மாதம் பக்கத்துக் கிடங்கு தீப்பற்றியபோது தீயணைப்புப் படகு தண்ணீர் பீய்ச்சிக் கப்பலைக் காப்பாற்றியது.

மேல்தளத்தில் பீரங்கிகளும் மாலுமிகளின் நெருக்கமான அறைகளும் உண்டு. அவற்றைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். நேரம் ஒதுக்க வேண்டிய இடம் எந்திர அறை. செங்குத்தான இரும்பு ஏணிகளில் இறங்கினால், மூன்று உருளைகள் கொண்ட எந்திரம் பல ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது. நீராவி முதலில் சிறிய உருளையைத் தள்ளும். அழுத்தம் குறைந்தபின் நடு உருளைக்கும், கடைசியாக 70 அங்குல விட்டமுள்ள பெரிய உருளைக்கும் போகும். கிடைப்பது 2,500 குதிரைத்திறன், மணிக்கு 11 கடல்மைல் வேகம். போர்க்கப்பல்களுக்கே டர்பைன் போதாத காலம் என்பதால், சரக்குக் கப்பலுக்கு இந்தப் பழங்காலத்து எந்திரமே வாய்த்தது. சுழலும் தண்டுகளுக்கிடையே தாளம் பார்த்துக் கைவிட்டு, தாங்கிகளில் சூடு ஏறுகிறதா என்று எண்ணெய் விடுபவர் தொட்டறிவார். 'டைட்டானிக்' திரைப்படத்தின் எந்திர அறைக் காட்சிகளுக்கு இந்த எந்திரத்தைத்தான் படம் பிடித்தார்கள்.

குறிப்பிட்ட சில வார இறுதிகளில் கப்பல் துறையில் நின்றபடியே எந்திரத்தை ஓட்டிக் காட்டுகிறார்கள். போகிறவர்கள் அந்த நாளை முன்கூட்டியே விசாரித்துப் போவது நல்லது. ஏணியில் வழுக்காத காலணியும் அவசியம்.