நெல்லுக்குள் இப்போது எந்த ஜீன் பேசுகிறது?

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பொன்னியும் மட்டை அரிசியும் பக்கத்துப் பக்கத்துச் சாக்கில் இருக்கும். தென்னாட்டுக்காரர்கள் முருங்கைக்காய்க்கும் மீனுக்கும் அரிசிக்கும் தேடி வருகிற இடம். அங்கிருந்து பிங்க் லைன் மெட்ரோவில் நாலாவது ஸ்டேஷன், தில்லிப் பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாகம். நெல்லின் முழு மரபணுத் தொகுப்பைப் படித்து 2005-ல் வெளியிட்ட பன்னாட்டுத் திட்டத்தில், பதினோராவது குரோமோசோமின் ஒரு பகுதியைப் படித்த இந்தியக் குழுக்களில் ஒன்று அந்த வளாகத்தில்தான் இருந்தது. அகிலேஷ் தியாகி, ஜிதேந்திர குரானா முதலியோர் அங்கே உழைத்தவர்கள்.

அரிசி வாங்கிவிட்டு டீ குடிக்கும்போது சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் தஞ்சாவூர்ப் பக்கம் நடவு பார்த்தவர். "வேரிலும் அதே ஜீன், இலையிலும் அதே ஜீன், கதிரிலும் அதே ஜீன்னு சொல்றே. அப்போ வேர் ஏன் வேராவே இருக்கு?" என்றார். சரியான இடத்தில் பிடித்துவிட்டார்.

ஓட்டலில் நூறு அயிட்டம் போர்டில் எழுதியிருக்கும், சித்தப்பா. இந்த நிமிஷம் அடுப்பில் என்ன வேகிறது என்று போர்டைப் பார்த்தால் தெரியாது. உள்ளே போகிற ஆர்டர் சீட்டுகளை எண்ணினால் தெரியும். டி.என்.ஏ.தான் போர்டு. ஒரு ஜீன் வேலை செய்யும்போது அதிலிருந்து செல் எடுக்கும் தற்காலிக நகல், ஆர்.என்.ஏ., அந்தச் சீட்டு. வேரில் ஒருவகைச் சீட்டு குவிகிறது, கதிரில் வேறு வகை.

எண்ணுவது எப்படி? சுமார் ஒன்றேகால் சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கண்ணாடிச் சில்லு. ஒவ்வொரு ஜீனுக்கும் அடையாளமான சிறு டி.என்.ஏ. துண்டுகளை, ஒவ்வொன்றும் 25 எழுத்து நீளத்தில், அதன்மேல் அதனதன் இடத்தில் கட்டி வைத்திருப்பார்கள். அஃபிமெட்ரிக்ஸ் நிறுவனத்தின் நெல் சில்லு சுமார் 51,000 நெல் ஆர்.என்.ஏ.க்களை ஒரே நேரத்தில் பார்க்கும். 1995-ல் ஸ்டான்ஃபோர்டில் இப்படிக் கண்ணாடிமேல் டி.என்.ஏ. வைத்து எண்ணும் முறை முதன்முதலாக வெளிவந்தபோது பார்த்தது வெறும் 45 ஜீன்களை, அதுவும் கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ் செடியில்.

நாற்றைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்துப் பொடிக்கிறார்கள். ஆர்.என்.ஏ.யைப் பிரித்து, நகலெடுத்து, பின்னால் சாயம் ஒட்டுவதற்கு ஒரு அடையாளத்தைச் சேர்த்து, துண்டாக்கிச் சில்லின்மேல் ஓட விடுகிறார்கள். டி.என்.ஏ. எழுத்துகளில் ஏ-வுக்கு டி ஜோடி, ஜி-க்கு சி ஜோடி. ஜோடி பொருந்துகிற துண்டு பொருந்துகிற இடத்தில் மட்டும் ஒட்டும். ராத்திரி முழுக்க ஊறவிட்டு, ஒட்டாததைக் கழுவிவிட்டு, ஒளிரும் சாயம் ஏற்றி லேசரில் பார்த்தால் சில இடம் பளிச்சென்று, சில இடம் மங்கலாக. எவ்வளவு ஒளியோ அவ்வளவு ஆர்.என்.ஏ.

தெற்கு வளாகத்தில் எடுத்தது ஐஆர் 64 ரக நெல். ஏழு நாள் நாற்றில் ஒரு பங்கை உப்புநீரில், ஒரு பங்கை 4 டிகிரி குளிரில், ஒரு பங்கை ஈரமில்லாமல் உலர்த்தி, மூன்று மணி நேரம் வைத்தார்கள். இன்னொரு பங்கு ஒன்றும் செய்யாதது. ஒப்பிட அது இல்லாமல் சில்லுக்கு அர்த்தமே கிடையாது. இதோடு கதிர் உருவாவது முதல் மணி முற்றுவது வரை படிப்படியாகவும் எடுத்தார்கள். 2007-ல் வந்த கட்டுரையில், பூவின் உறுப்புகளை வடிவமைக்கிற மேட்ஸ்-பாக்ஸ் குடும்பத்து ஜீன்கள் நெல்லில் 75 என்று கணக்கிட்டு, எந்தெந்த ஜீன் எந்தக் கட்டத்தில் கண்விழிக்கிறது என்று வரிசைப்படுத்தினார்கள். அவற்றுள் சில குளிருக்கும் வறட்சிக்கும் எதிர்வினை காட்டின. தொண்டைக்கதிரில் தண்ணீர் தவறினால் பதராகும் என்று சித்தப்பாவுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் அந்த நேரத்தில் உள்ளே எந்த ஜீன் அடங்கிப்போகிறது என்று கேட்க இப்படியொரு கருவி வேண்டியிருந்தது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒளி கூடியதால் அந்த ஜீன்தான் வறட்சியைத் தாங்க வைக்கிறது என்று ஆகிவிடாது. நாற்று சாகப்போகும்போதும் சில ஜீன்கள் கூச்சலிடும். சில்லு சந்தேகத்துக்குரியவர்களின் பட்டியலைத்தான் தருகிறது. அந்த ஜீனைத் தனியே கூட்டியும் குறைத்தும் செடியில் சோதித்தால்தான் தீர்ப்பு. பட்டியலையே கண்டுபிடிப்பாக அறிவிக்கிற செய்திகளை நம்பாதீர்கள். சில்லில் இல்லாத ஜீனை அது பார்க்கவும் பார்க்காது. அதனால்தான் ஆர்.என்.ஏ.யை நேரடியாக எழுத்தெண்ணிப் படிக்கிற முறை பின்னால் வந்து அதன் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது.

ஆனாலும் அந்தச் சில்லுகளின் எண்கள் பழசாகிவிடவில்லை. அமெரிக்காவின் உயிரித் தொழில்நுட்பத் தகவல் மையமான என்.சி.பி.ஐ. நடத்தும் ஜியோ (GEO) தரவுத்தளத்தில் GSE6901 என்று தேடினால் அந்த நாற்றுகளின் முழுத் தரவும் இலவசமாகக் கிடைக்கும். கோவையிலோ மதுரையிலோ வேளாண்மை படிக்கிற பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த எண்ணைக் குறித்துக் கொடுங்கள். ஆய்வுக்கூடம் இல்லாமலே, ஒரு கணினியை வைத்துக்கொண்டு இன்றே அவர்கள் வேலையைத் தொடங்கலாம்.