சாட்டை நுனியில் ஓர் இடி

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பதனிடும் தோல், பூட்ஸாகிக் கடல் கடந்து போகிறது. அதே தோலில் ஒரு வாரை அறுத்துக் கழியில் கட்டினால் சாட்டை! முன்பெல்லாம் ஜட்கா வண்டிக்காரர் அதைக் காற்றிலே சொடுக்குவார். குதிரையின் மேல் படாமலே 'பட்'டென்று வெடிக்கும். எதன் மேலும் படாத சாட்டைக்குச் சப்தம் ஏது?

அதன் நுனி ஒரு கணம் சப்தத்தையே முந்திக்கொண்டு ஓடுகிறது. 1958-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதைப் படமெடுத்தே பார்த்துவிட்டார்கள். ஜெட் விமானம் செய்வதும் இதேதான்; அளவுதான் பெரிது.

எவ்வளவு பெரிது என்பது பெங்களூர்வாசிகளுக்கு 2020 மே 20-ஆம் தேதி பிற்பகலில் தெரிந்தது. கொரோனா ஊரடங்கில் வீட்டோடு கிடந்தவர்களுக்குத் திடீரென்று இடிபோல் ஒரு முழக்கம். கதவு, ஜன்னலெல்லாம் தடதடத்தன. பூகம்பமோ என்று கலங்கினார்கள். பிறகுதான் பாதுகாப்பு அமைச்சகம் விளக்கியது. ஊருக்கு வெளியே 36,000 முதல் 40,000 அடி உயரத்தில், விமானப் படையின் சோதனை விமானம் சப்த வேகத்துக்கு மேலிருந்து வேகத்தைக் குறைத்தபோது எழுந்த ஓசையாக இருக்கலாம் என்றது. 65, 80 கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்குமாம்!

'சப்தச் சுவரை' உடைக்கும் அந்த ஒரு நொடியில்தான் வெடிக்கும் என்று நானும் எண்ணியிருந்தேன். அப்படியில்லை. விலகி வழிவிட நேரமில்லாத காற்று நெருங்கி, கூம்பு வடிவில் அதிர்ச்சி அலையாக விரிகிறது. படகு தன் பின்னே அலையை இழுத்துச் செல்வதுபோல், விமானம் அதை வழிநெடுக இழுத்துப் போகிறது. அது யாரைக் கடக்கிறதோ அவருக்கு அப்போது இடி. விமானிக்கோ அந்த இடி கேட்பதேயில்லை!

அந்த அலையைக் கண்ணால் காணலாமா? படங்களில் விமானத்தின் இடுப்பைச் சுற்றி வெள்ளைப் பாவாடைபோல் மேகம் தெரியுமே, அதுதான் என்று ஏமாந்துவிடாதீர்கள். அழுத்தம் குறைந்து ஈரக் காற்று குளிர்வதால் திரளும் நீர்த்துளி அது. சப்த வேகத்தை எட்டுமுன்பே தோன்றிவிடும்.

அசலைப் புரிந்துகொள்ள, காயும் தோசைக்கல்லுக்கு மேலே பாருங்கள். எதிர்ச் சுவர் நெளிகிறதல்லவா? காற்றின் அடர்த்தி மாறும் இடத்தில் ஒளி வளைகிறது. அதிர்ச்சி அலையிலும் அப்படியே. இதை வைத்துத்தான் எர்ன்ஸ்ட் மாக்கும் பீட்டர் ஸால்ஷரும் துப்பாக்கி ரவையின் முன்னே வில்போல் வளைந்த அலையைப் படமாக்கி 1887-ல் வெளியிட்டார்கள். 2019-ல் நாஸா வெளியிட்ட படம் இன்னும் அழகு. சுமார் 30 அடி இடைவெளியில் பறந்த இரண்டு ஜெட் விமானங்களின் அலைகள், கோல இழைகள்போல் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன!

வேடிக்கைக்காக எடுத்த படமல்ல. கீழே தொட்டிலில் தூங்கும் குழந்தை விழிக்காதபடி, இடியை மெல்லிய 'தொம்' ஓசையாக்கப் பார்க்கிறார்கள். அதற்கென்றே செய்த எக்ஸ்-59 விமானம் 2025 அக்டோபரில் முதல்முறை பறந்தது. அலைகள் ஒன்றாகத் திரளாமல் பிரிந்து போவதற்காக, அதன் நீளத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கை மூக்காகவே வைத்திருக்கிறார்கள்!