அருகம்புல் அலர்ஜி: எண்ணிக்கையில் சிக்காத மகரந்தம்

பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லால் ஒருவருக்கு விடாமல் தும்மல் வரும் என்றால் நம்மூரில் சட்டென நம்ப மாட்டார்கள். காலை நடைக்காரர்கள் குடிக்கும் சாற்றைச் சொல்லவில்லை. பூக்கும்போது அது காற்றில் விடும் மகரந்தத்தைச் சொல்கிறேன். அலர்ஜி மருத்துவர்கள் 'பெர்முடா புல்' என்று குறிப்பது இதைத்தான்.

ஆனால் புல் மகரந்த அலர்ஜி பற்றி மருத்துவம் அறிந்ததில் பெரும்பகுதி குளிர்நாட்டுப் புற்கள் கற்றுக்கொடுத்தது. மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி தன் உடம்பிலேயே சோதித்து, 'ஹே ஃபீவர்' என்ற தும்மல் நோய் மகரந்தத்தால் வருகிறது என்று 1873இல் நூல் வெளியிட்டார். 1911இல் லண்டனில் லியோனார்ட் நூன் சிகிச்சையாக ஊசியில் ஏற்றிப் பார்த்தது திமோதி புல்லின் மகரந்தச் சாறு. 2014இல் அமெரிக்கா அனுமதித்த இரண்டு புல் அலர்ஜி மாத்திரைகளில் ஒன்றில் இருப்பதும் அதே திமோதிதான். மற்றதில் ஐந்து புற்கள், ஐந்தும் குளிர்நாட்டவை.

எல்லாம் புல்தானே என்று விட்டுவிட முடியாது. மகரந்தக் குழாய் பூவின் சூலகத்துக்குள் இறங்க, செல் சுவர்களைத் தளர்த்தும் புரதம் ஒன்று உண்டு. அலர்ஜியைத் தூண்டுவதில் முக்கியமான இது குளிர்நாட்டுப் புற்கள், அருகு போன்ற வெப்பநாட்டுப் புற்கள் இரண்டிலும் இருக்கிறது, சிறு வேறுபாடுகளுடன். திமோதியில் பலரைப் படுத்தும் 'ஐந்தாம் குழு' புரதமோ அருகம்புல்லில் இல்லவே இல்லை. ஆஸ்திரேலியாவின் வெப்பமான குயீன்ஸ்லாந்தில் ஜேனட் டேவிஸ் குழு ஆராய்ந்தபோது, அங்குள்ள நோயாளிகளின் உடல் குளிர்நாட்டு ரை புல்லைவிட பாஹியா என்னும் வெப்பநாட்டுப் புல்லையே வலுவாக எதிர்த்தது. அப்படியானால் திமோதி மாத்திரை அருகம்புல்காரருக்கு எவ்வளவு உதவும்? உறுதியாகச் சொல்லப் போதிய ஆய்வுகள் இல்லை.

இன்னொரு சிக்கல் நுண்ணோக்கியிலேயே இருக்கிறது. புல் மகரந்தம் எதுவானாலும் ஒற்றைத் துளையுள்ள உருண்டை; எந்தப் புல்லுடையது என்று பார்த்துச் சொல்வது ஏறக்குறைய முடியாத காரியம். ஆகவே காற்றில் மகரந்தத்தை எண்ணும் நிலையங்கள் 'புல்' என்று ஒரே எண்ணாகப் போட்டுவிடுகின்றன. திமோதியும் ரையும் கோடைத் தொடக்கத்தில் சில வாரங்கள் பூத்து ஓய்வதால் ஐரோப்பாவுக்கு அது ஓரளவு போதும். வெப்பநாடுகளில் ஒரு புல் ஓய்வதற்குள் இன்னொன்று பூத்துவிடுகிறது. அருகம்புல்லோ ஈரம் கிடைத்தால் ஆண்டின் பெரும்பகுதியிலும் பூக்கும்.

காற்றில் பிடித்த மகரந்தத்தின் டிஎன்ஏவைப் படித்துப் புல்லினங்களைப் பிரித்தறியும் முறையை பிரிட்டனில் நாடளவில் செய்து பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். வெப்பநாட்டு ஊர்களுக்கும் அது வந்தால்தான், ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை அருகம்புல் மகரந்த மணிகள் சேர்ந்தால் ஒருவருக்கு இளைப்பு தொடங்கும் என்று கணக்கிடவே முடியும்.