குல்மார்க் பனிச்சறுக்கு: லோன் வேண்டாம், தேதியை மாத்துங்க

அரையாண்டு லீவுல குழந்தைகளை குல்மார்க் கூட்டிட்டுப் போக பர்சனல் லோன் எடுக்கலாமான்னு ஒரு கிளையன்ட் கேட்டார். கிறிஸ்துமஸ், நியூ இயர் வாரத்துலதான் ஃபிளைட்டும் ரூமும் உச்ச விலை. பனியோ பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில்தான் நல்லா விழும். பொங்கல் லீவுல போங்க, அதுவரைக்கும் மாசாமாசம் ஆர்.டி. போடுங்கன்னேன்.

அடுத்து எல்.டி.ஏ. பழைய வரி முறையில் இருக்கிறவங்களுக்கு மட்டும், நாலு வருஷ பிளாக்கில் ரெண்டு பயணத்துக்கு, அதுவும் டிக்கெட் செலவுக்குத்தான் விலக்கு. ரூம், சாப்பாடு, ஸ்கீ வாடகை எதுக்கும் கிடையாது. அதனால பேக்கேஜ்னு ஒரே பில் வாங்காதீங்க. டிக்கெட் பில்லைத் தனியா கேளுங்க. கம்பெனி தர்ற எல்.டி.ஏ.வுக்குள்ள டிக்கெட் 60,000 ரூபாய்னா, 30% ஸ்லாபில் செஸ்ஸோட 18,720 ரூபாய் வரி மிச்சம். சுவிட்சர்லாந்து போனா இதுல ஒரு பைசா வராது!

புதுசா கத்துக்கிற குழந்தைகளுக்கு அடிவாரச் சரிவே போதும். கோண்டோலா டிக்கெட் தேவையில்லை. ஸ்கீ, பூட்ஸ் எல்லாம் அங்கேயே நாள் வாடகைக்குக் கிடைக்கும். சுமார் 13 கிலோமீட்டர் கீழே தங்மார்க்கில் ரூம் மலிவுதான், ஆனா தினமும் மேலே போய்வர டாக்ஸி காசையும் கூட்டிப் பாருங்க. பனி அதிகமானா ஸ்ரீநகர் ஃபிளைட் ரத்தாகும். ஒரு நாள் லீவும் ஒரு ராத்திரி ரூம் காசும் கூடுதலா கையில் இருக்கட்டும்.