பழைய வீணையும் ஏறும் விலையும்

பழைய வீணையொன்றை வாங்கப் புறப்படுவோர் பலர் ஒரு விலையைக் கேட்டுப் போய், வேறொரு விலையைக் கேட்டுத் திரும்புவர். தொலைபேசியிற் சொல்லப்பட்ட தொகை, வீட்டுக்குச் சென்று வீணையை மீட்டிப் பார்த்தபின் சற்று உயர்கின்றது. காசுடன் மறுமுறை போனால் இன்னுஞ் சற்று உயர்கின்றது. "வேறோர் இடத்தாரும் கேட்டுவிட்டுப் போயிருக்கின்றனர்" என்பார் விற்பவர். "கொழும்பிலே இதற்கு இரட்டிப்பு விலை" என்றுங் கூறுவார். வாங்க வந்த தந்தைக்குச் சினம். உடன் வந்த மகளுக்கு ஏக்கம். 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் பிள்ளைக்கு, வகுப்பிலே ஆசிரியரின் வீணையிற் பழகினால் மட்டும் போதாது. வீட்டிலும் ஒன்று வேண்டும். புதிய வீணையைத் தஞ்சாவூரிலிருந்து கடல் கடந்து வருவிப்பதாயின் கூலியும் தீர்வையும் விலையுடன் சேர்ந்து நிற்கும். ஆதலால் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கொழும்பிலும், பயின்றவர் மணமாகிப் பிறநாடு சென்றபின் மூலையிற் கிடக்கும் வீணைகளையே பலரும் நாடுகின்றனர்.

விலை ஏறியதும் வாயில் வரும் முதற்சொல், "வாக்கு மாறிவிட்டார்" என்பதாம். அச்சொல் எப்பொழுது பொருந்தும், எப்பொழுது பொருந்தாது என்பதை அறிந்து கொண்டாலன்றி, இவ்விடயத்தில் என்ன செய்வது என்பதும் விளங்காது.

சொன்ன விலை வேறு, கேட்ட விலை வேறு, தீர்ந்த விலை வேறு. நம் சந்தைகளில் மீன் வாங்குவோருக்கும் மாடு வாங்குவோருக்கும் இவ்வேறுபாடு நன்கு தெரியும். வீணை வாங்கச் செல்லும்போது மாத்திரம் அது மறந்து போகின்றது. அங்கே நடுவீட்டிற் பாய் விரித்து, தேநீர் தந்து, உறவுமுறை விசாரித்துப் பேசுவதனால், சொன்னதெல்லாம் தீர்ந்ததே என்ற மயக்கம் உண்டாகின்றது போலும்.

இலங்கையிற் பொருள் விற்பனையை ஆள்வது 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். அஃது இங்கிலாந்தில் 1893இல் இயற்றப்பட்ட சட்டத்தைத் தழுவியது. தான் பேசாது விட்ட இடங்களில் ஆங்கிலச் சட்டத்தின் விதிகளே செல்லும் என்றும் கூறுவது. நாட்டின் பொதுச்சட்டம் உரோம ஒல்லாந்தச் சட்டமாயிருந்தும், ஆங்கில நீதிபதிகளின் பழந்தீர்ப்புகள் இணுவிலில் ஒரு வீட்டு வீணைக்கும் பொருந்துவது இதனாலேயாம்.

அத்தகைய தீர்ப்புகளுள் ஒன்று ஜமைக்காவிற் பிறந்தது. பம்பர் ஹால் பென் என்னும் நிலத்தை விற்பீரா, ஆகக் குறைந்த விலையைத் தந்தியில் அறிவிக்குக என்று ஒரு தரப்பார் கேட்டனர். ஆகக் குறைந்த விலை 900 பவுண் என மறுமொழி வந்தது. உடனே அவ்விலைக்கு வாங்கச் சம்மதம் என அவர்கள் தந்தியடித்தனர். நிலம் கிடைக்கவில்லை, வழக்கு பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. ஹார்வி எதிர் பேஸி என வழங்கும் அவ்வழக்கு 1893இல் தீர்ந்தது. விலை என்னவென்று கேட்டதற்கு விலையைச் சொன்னாரேயன்றி, விற்கிறேன் என்று அவர் சொல்லவில்லை; ஆகவே ஒப்பந்தம் இல்லை என்றனர் நீதிபதிகள். 1971 வரை இலங்கை வழக்குகளுக்கும் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்தது அதுவே. தொலைபேசியில் "என்ன விலை?" என்று கேட்டு விடை பெற்றவரும் அந்த ஜமைக்கா வழக்காளியின் நிலையிலேயே நிற்கிறார். விலை அறிந்தாரேயன்றி, வீணையை வாங்கினாரல்லர்.

இன்னொரு வழக்கு இதனினும் கூர்மையானது. 1840இல் ரென்ச் என்பவர் தமது பண்ணையை 1,000 பவுணுக்குத் தருவதாக ஹைட் என்பவருக்கு அறிவித்தார். ஹைட் 950 பவுண் தருவதாகச் சொன்னார். ரென்ச் மறுத்தார். சரி, அந்த 1,000 பவுணையே தருகிறேன் என்று ஹைட் பின்னர் எழுதினார். அதற்குள் காலங் கடந்துவிட்டது என்பதன்று காரணம். 950 என்று குறைத்துக் கேட்ட அக்கணமே 1,000 என்ற முதற்பேச்சு அழிந்துவிட்டது என்பதே தீர்ப்பு. ரென்ச் விற்கக் கடமைப்பட்டவரல்லர்.

வீணைக்கு 80,000 ரூபா என்று விற்பவர் சொல்ல, வாங்குபவர் 65,000 என்று கேட்க, இருவரும் பிரிந்தனர் என வைத்துக்கொள்வோம். மறுவாரம் 80,000 ரூபாவுடன் அவர் செல்கின்றார். விற்பவரோ 90,000 என்கின்றார். இங்கே வாக்கு மாறியவர் எவருமில்லை. குறைத்துக் கேட்டதனால் முதல்விலையைக் கைவிட்டவர் வாங்குபவரே. பேரம் பேசலாகாது என்பதன்று இதன் பொருள். பேரம் பேசாத வாங்குதல் நம்மிடையே எங்கே உண்டு! பேரத்துக்கும் விசாரணைக்கும் வேறுபாடு உண்டு என்பதே கருத்து. இரும்பு வியாபாரம் பற்றிய ஸ்டீவன்சன் எதிர் மக்லீன் என்ற 1880ஆம் ஆண்டு வழக்கில், சொன்ன விலைக்கே பொருளைச் சிறிது சிறிதாகத் தர இயலுமா என்று கேட்டது வெறும் விசாரணை. அதனால் முதற்பேச்சு அழியவில்லை எனத் தீர்ந்தது. "65,000 தருகிறேன்" என்பது மறுவிலை. "இதிற் குறைக்க இடமுண்டா? பெட்டியும் சேர்த்துத் தருவீர்களா?" என்பது விசாரணை. நாவில் இச்சிறு வேறுபாட்டைப் பேணுபவருக்கு முதல்விலை கைவிட்டுப் போவதில்லை.

இனித் தீர்ந்த விலையைப் பற்றியது. நமது கட்டளைச் சட்டத்தின்படி, பொருளில் ஒரு பகுதியையேனும் வாங்குபவர் ஏற்றுப் பெற்றிருக்க வேண்டும். அல்லது விலையில் ஒரு பகுதியேனும் கொடுத்திருக்க வேண்டும். அல்லது எவரைப் பொறுப்பாக்க வேண்டுமோ அவர் கையொப்பமிட்ட ஒரு குறிப்பேனும் இருக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாத வாய்ப்பேச்சை வழக்கிற் கொண்டுபோய் நிறுவ இயலாது. நம் முன்னோர் இதைச் சட்டம் படித்து அறிந்தவரல்லர். ஆயினும் அச்சாரங் கொடாமல் எந்தப் பொருளையும் பேசி முடித்ததாக அவர்கள் கொள்ளவில்லை. பழைய உரோமச் சட்டத்திலும் அச்சாரத்துக்குத் தனிச்சிறப்பு உண்டு. வாங்குபவர் பின்வாங்கினால் அச்சாரத்தை இழப்பார். விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்புவார் என ஜஸ்டீனியன் பேரரசரின் நூல் விதித்தது. இந்த இரட்டிப்பு விதி இன்று தானாகவே செல்லும் என எண்ணிவிடலாகாது. வேண்டுவோர் அதனைப் பற்றுச்சீட்டில் எழுதிக்கொள்ளலாம்.

அந்தப் பற்றுச்சீட்டு நாலைந்து வரியில் அமையலாம். எந்த வீணை என்பதற்கு ஓர் அடையாளம், முழுவிலை, பெற்ற முற்பணம், மிகுதியைச் செலுத்தும் நாள், பெட்டியும் உறையும் சேருமா என்பது, விற்பவரின் கையொப்பம், இவ்வளவே. வாங்குபவரின் கையொப்பம் மட்டும் இருந்து விற்பவருடையது இல்லாத சீட்டு வாங்குபவருக்குப் பயன்படாது. கைத்தொலைபேசியில் வரும் எழுத்துச் செய்தியையும் இக்காலத்தில் அலட்சியஞ் செய்தற்கில்லை. 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் அத்தகைய பதிவுகளுக்குச் சட்டமதிப்பு அளித்துள்ளது.

இதில் வாங்குவோர் எதிர்பாராத ஒன்றும் உண்டு. குறித்த ஒரு பொருள், கையளிக்கத்தக்க நிலையில் இருக்க, நிபந்தனையின்றி விலை தீர்ந்தால், காசு பின்னர் கொடுபடுவதாயினும் பொருள் அப்பொழுதே வாங்கியவருக்கு உரியதாகிவிடும் என்பது பொதுவிதி. உரிமை வரும்போது பொறுப்பும் உடன் வரும். இரவில் அலமாரி சரிந்து வீணையின் குடம் பிளந்தால், இழப்பு வாங்கியவரைச் சாரக்கூடும். ஆகவே கையளிக்கும் வரை பொறுப்பு விற்பவருடையதே என ஒரு வரி சேர்ப்பது நன்று.

சட்டத்தை இவ்வளவில் நிறுத்தி, வீணையின் பக்கந் திரும்புவோம். விலை ஏறும்போது அதற்கு மறுமொழி சொல்ல வேண்டியது சினமன்று, அந்த வீணையேயாம். அது பலாமரத்தாலானது, இருபத்துநான்கு மெட்டுகள் மெழுகிற் பதிக்கப்பட்டிருப்பது, நான்கு தந்திகள் வாசிப்பதற்கும் மூன்று தாளத்துக்குமாக அமைந்தது. பழைய வீணையைப் பார்க்க வருவோர் பெரும்பாலும் அஞ்சுவது சுருதி சேராத மெட்டுகளைக் கண்டு. உண்மையில் அதுவே தீர்க்கக்கூடிய குறை. மெழுகு காலப்போக்கில் உலர்ந்தோ, வெப்பத்தில் இளகியோ, மெட்டுகள் இடம் பெயரும். அறிந்தவர் ஒருவர் பழைய மெழுகை நீக்கி மீண்டும் மேளங் கட்டினால் வீணை புதுக்குரல் பெறும். தேய்ந்த தந்தியை மாற்றலாம். வழுக்கும் பிரடைக்குச் சுண்ணக்கட்டி பூசியோ, துளையைச் சீர்செய்தோ பிடிப்பு உண்டாக்கலாம். குதிரையின் மேலுள்ள உலோகத் தகட்டைத் தேய்த்துச் செம்மையாக்கலாம்.

தண்டி வளைந்ததோ, அது குணமாவதரிது. குடத்திலோ, தண்டி குடத்துடன் இணையும் பொருத்திலோ வெடிப்பு இருப்பின், அதனைப் பசையிட்டு மூடி மேலே புதுவார்ணிஷ் பூசினால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். ஆதலால் பளபளப்பைக் கண்டு மகிழ்வதிலும், தண்டியின் ஓரத்தே கண்ணை வைத்து நேர்பார்ப்பதும், குடத்தை விரலாற் தட்டிக் கேட்பதும் பயன் தரும். ஒரே மரத்திற் குடைந்த ஏகாண்ட வீணையாயின் ஒட்டு வீணையிலும் மதிப்பு மிகுதி. "இது ஏகாண்டம்" என்று சொல்லி விலையை ஏற்றுபவர் மெய்யான காரணம் ஒன்றைச் சொல்லுகின்றார். அதனை மரத்திலே பார்த்துத் தெளியலாம். "வேறொருவர் கேட்டார்" என்பதை எங்கே பார்ப்பது?

மேளங் கட்டுவதற்கு என்ன செலவாகும் என்பதை, வீணையைப் பார்த்த அன்றே வித்துவான் ஒருவரிடமோ வேலை தெரிந்தவரிடமோ விசாரித்துக்கொண்டு, அச்செலவைக் கழித்து, இதற்கு மேற் கொடுப்பதில்லை என்ற உச்சவிலையை வீட்டிலிருந்தே முடிவு செய்து செல்வது வேண்டும். விற்பவரின் முன்னிலையில், பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடிவு செய்யும் உச்சவிலை, உச்சவிலையாய் நிற்பதில்லை.

விற்பவரின் பக்கத்திலும் நியாயம் இருக்கக்கூடும் என்பதை மறத்தலாகாது. பல வீடுகளில் வீணையை விற்பவர் அதை வாசித்தவரல்லர்; தாயின் வீணையை மகன் விற்கின்றான், அல்லது மனைவியின் வீணையைக் கணவர் விற்கின்றார். விலை தெரியாமல் ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, பின்னர் ஆசிரியர் ஒருவர் மூலம் அதன் உண்மை மதிப்பை அறிந்தால், விலையை ஏற்றுவது பேராசையாகாது. பால்க் எதிர் கிரே என்ற 1859ஆம் ஆண்டு ஆங்கில வழக்கு இத்தகையது. கிரே அம்மையாருக்குரிய இரண்டு கீழைத்தேயச் சாடிகள் 40 பவுணுக்கு மதிக்கப்பட்டன. வாங்க இருந்தவர் அரும்பொருள் வியாபாரி. அவற்றின் மதிப்பை அறிந்தவர். அம்மையாரோ அறியாதவர். பின்னர் வேறொரு வியாபாரி 200 பவுண் கொடுத்து அவற்றை வாங்கிச் சென்றார். முதல்வர் வழக்கிட்டபோது, அத்தகைய அரும்பொருளைக் கையளிக்கும்படி பணிக்க மன்றத்துக்கு அதிகாரம் உண்டாயினும், இவ்வளவு குறைந்த விலைக்கு, அறியாத ஒருவரிடமிருந்து பெற உதவமாட்டோம் என்றார் நீதிபதி. ஏகாண்டம் என்பதை அறிந்தும் வாய் திறவாது, அறியாத வீட்டாரிடம் அரைவிலைக்குப் பேசி முடிப்பவர், பின்னர் விலை ஏறும்போது முறையிட உரிமை குன்றியவராகவே நிற்பார்.

அச்சாரமும் சீட்டும் பெற்றபின் விலையை ஏற்றினாலோ, நிலைமை முற்றும் வேறு. குறித்த நாளிலே மிகுதிப் பணத்துடன், இருவருக்கும் வேண்டிய ஒரு பெரியவரை அழைத்துச் சென்று, சீட்டை முன்வைத்து, காரணத்தை அமைதியாகக் கேட்பதே முதற்படி. "சரி, நடுவிலே முடிப்போம்" என்று அங்கேயே இறங்கிவிடுவது பலருடைய வழக்கம். அது சமாதானம் போலத் தோன்றினும், தீர்ந்த விலையைத் தாமே அழித்துப் புதுவிலைக்கு இசைந்ததாக முடியும். விற்பவர் மறுத்தால், சிறுதொகைப் பிணக்குகளுக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபை உண்டு. நீதிமன்றம் சென்றால், அதேபோன்ற வீணையின் சந்தைவிலைக்கும் தீர்ந்த விலைக்கும் உள்ள வித்தியாசமே பெரும்பாலும் நட்டஈடாகக் கிடைக்கும். பொருளையே தரும்படி பணிப்பது மன்றத்தின் விருப்பு. கோஹன் எதிர் ரோச் என்ற 1927ஆம் ஆண்டு வழக்கில் எட்டுப் பழைய நாற்காலிகளுக்குக்கூட அப்பணிப்புக் கிடைக்கவில்லை. அவை சந்தையில் வேறிடத்திலும் வாங்கத்தக்கவை என்றே கொள்ளப்பட்டன.

சீட்டும் அச்சாரமும் இல்லாதவிடத்து வாதாடுவது வீண். ஏறிய விலை தம் உச்சவிலைக்கு உட்பட்டதாயின், அன்றே முற்பணங் கொடுத்துச் சீட்டைப் பெறுக. மேற்பட்டதாயின், தொலைபேசி இலக்கத்தையும் தம் விலையையும் எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து வருக. மூலையிற் கிடக்கும் வீணைக்கு நாள்தோறும் வாங்குபவர் வருவதில்லை. சில கிழமைகளின் பின் அழைப்பு வருவதும் உண்டு. இதற்கிடையிற் பரீட்சை நெருங்கிவிடுமே என்ற அச்சமே விற்பவருக்குப் பெரும் பலமாகின்றது. அதனைப் போக்க, ஆசிரியரிடமோ முன்பு பயின்ற மாணவியிடமோ ஒரு தவணைக்கு வீணையை இரவலாகவோ வாடகைக்கோ பெறுவதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்வது நன்று. பிள்ளையின் சாதகம் தடைப்படாத வீட்டில், தந்தைக்கு நிதானமாக விலை பேச முடிகின்றது.

வீணை கைக்கு வரும் நாளில், பார்த்த வீணைதானா, சீட்டிற் குறித்த அடையாளம் உண்டா என்று நோக்கி, முழுப்பணத்துக்கும் பற்றுச்சீட்டுப் பெற்றபின், தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, தண்டியில் அழுத்தம் படாதவாறு பெட்டியில் வைத்து எடுத்து வருதல் வேண்டும். நண்பகல் வெயிலில் வாகனத்தினுள் விட்டுவைத்தால் மெட்டுகளின் மெழுகு இளகிவிடும். மாலையிற் சென்று எடுத்து வருவதே நலம்.